கீழே நெருப்பு வைத்தவன் எழுதுவது

கண்ணு,

உங்கள் காடு காக்கும் குழு அச்சடிக்கிற மடல் முந்தாநாள் சோளக்காடு ஊருக்கு பஸ்ஸில் வந்தது. டிரைவர் மடல் கட்டைத் தூக்கி டீக்கடை பெஞ்சில் போட்டதும் நான்தான் முதலில் பிரித்தேன். நீ அதற்கு ஆசிரியர் ஆன நாளிலிருந்து அப்படித்தான், உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த மாதங்களில்கூட நான் பிரிக்காமல் விட்டதில்லை. கடைசிப் பக்கத்தில் 'நிகழ்வுகள்' என்று கட்டம் கட்டியிருந்தாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை, தீயில் போன மேல்காட்டில் மரக்கன்று நடுகிறீர்கள். கொல்லிமலைக் காட்டைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்று அங்கேயே கையெழுத்தும் வாங்குகிறீர்கள். அதற்குக் கீழே, முதல் கன்றை நடப்போகிறவர் 'மலையின் மூத்த விவசாயி, நம் ஆசிரியரின் தந்தை' என்று போட்டிருந்தது. டீக்கடைக்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்களுக்குச் சால்வையெல்லாம் போத்துவாங்களாட்ட இருக்குதுங்க!" என்றார். நான் டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. பங்குனிக் கடைசியில் மேல்காட்டை எரித்த நெருப்பை வைத்தவன் நான். உன் சடையன் மாமன் இல்லை.

இதைப் படித்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு போனை எடுப்பாய். எடுக்காதே சாமி. போனில் என்றால் நீ பேசுவாய், நான் உம் கொட்டுவேன், நம் வீட்டில் அப்படித்தான் நடந்து பழக்கம். இந்த ஒரு தடவை நான் பேசி முடிக்கிறேன். உண்டு உறைவிடப் பள்ளியில் பத்தாவது வரைக்கும் படித்தவன், தமிழ் எழுதத் தெரியும். உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் விளக்கமாகச் சொல்லப் போகிறேன். உன்னைத் தவிர வேறு ஆட்களும் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது, அதனால் பொறுத்துக்கொள்.

நம் காடு கொத்துக்காடு. மாடு பூட்டி உழ முடியாத சரிவு, மண்வெட்டியால் கொத்தித்தான் சாமை விதைக்க வேண்டும். விதைக்கும் முன்னால் உண்ணிமுள்ளையும் சருகையும் வெட்டிக் குவித்து எரிப்போம். எரிப்பதற்கு நம் ஊரில் ஒரு முறை உண்டு. காட்டுக்கு மேல் ஓரத்தில் ஓர் ஆள் பச்சைக் கொப்போடு நிற்க வேண்டும், பக்கத்துக்கு இரண்டு பேர் நிற்க வேண்டும். மேலே நிற்கிறவன் காற்றைப் பார்ப்பான், மேல்காட்டுச் சோலைக்கும் நம் காட்டுக்கும் நடுவில் செதுக்கி வைத்திருக்கிற வெறும் மண்ணைப் பார்ப்பான், பிறகு கையைத் தூக்குவான். அவன் கையைத் தூக்காமல் கீழே ஒருத்தனும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. கிழித்தால் அவனை ஊரில் மனுசனாகவே மதிக்க மாட்டார்கள். நம் காட்டுக்கு மேலே நின்றவன், எனக்குக் கல்யாணமான வருசத்திலிருந்து, உன் அம்மாவின் தம்பி சடையன்தான். நமக்கு மட்டுமில்லை, ஊரில் பாதிப் பேர் அவனைத்தான் மேலே நிற்கக் கூப்பிடுவார்கள். வேறு எதிலும் அவனுக்குப் பெருமை கிடையாது, இதில் மட்டும் அவனை அசைக்க முடியாது. "சடையா, பொழுது போகுது, கையத் தூக்குடா" என்று நான் கீழேயிருந்து கத்துவேன். "சும்மா இருங்க மாமா, காத்து இன்னும் நிக்கல" என்பான். எத்தனையோ நாள் எரிக்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறான்.

பொங்கலுக்கு நீ வந்தபோது நடந்ததை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. சோளக்காட்டுச் சந்தையில், நம் மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பூங்கா எதற்கு என்று யாரோ கேட்டதற்கு நீ பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். "எங்க அப்பாவையே எடுத்துக்கங்க, வருசா வருசம் தீ வெக்கறாரு. இவங்க வெக்கற தீதான் காட்டைத் தின்னுது" என்றாய். நாலு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருத்தன் சிரித்தான். எனக்கு எங்கே போய் மூஞ்சியை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மேலே ஆள் நிறுத்தி, காற்றுப் பார்த்து, மண் செதுக்கி எரிக்கிறவனுக்கும் கண்ட இடத்தில் பீடித்துண்டைப் போட்டுவிட்டுப் போகிறவனுக்கும் நீ வித்தியாசம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நான் உன்னை அடிக்கக் கை ஓங்கினேன். இத்தனை பெரிய மகனை! உன் அம்மா குறுக்கே வந்து நின்றாள். நீ அன்று மத்தியானமே பஸ் ஏறிப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மடலிலும் நீ என்னைத்தான் திட்டுவதாக எனக்குத் தோன்றியது. பங்குனி மடலில் உங்கள் பெரிய கூட்டத்தைப் பற்றி அறிவித்திருந்தாய். பூங்காவுக்கு ஆதரவாக மலை முழுக்கச் சேர்ந்து பேசுகிற கூட்டம், சோளக்காட்டில், லாரி அனுப்பி ஆட்களை அழைத்துப் போவதாக. ஊரே கிளம்பியது. உன் அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். சடையன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட வந்தான். "வாங்க மாமா, பையன் மைக்ல பேசறான், முன்னால போய் உக்காந்துக்கலாம்" என்றான். "நீ போய்க் கைதட்டு, எனக்கு வேலை கிடக்கு" என்று விரட்டிவிட்டேன். லாரி கிளம்பிப் போன சத்தம் அடங்கியதும் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். மேலே ஆள் இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை. நீ அங்கே மைக்கைப் பிடித்து 'எரிக்காதே' என்று சொல்லிக்கொண்டிருக்கிற அதே நேரத்தில் நான் எரிக்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் கண்ணு. விதைப்புக்கு இன்னும் நாள் இருந்தது, அவசரம் எதுவும் இல்லை. வீம்பு.

முதலில் நன்றாகத்தான் எரிந்தது. பிறகு பள்ளத்திலிருந்து காற்று ஏறியது. குவியல் ஒன்று வெடித்து நெருப்புத் துணுக்குகள் செதுக்கின மண்ணைத் தாண்டிப் போய் விழுந்ததை நான் கீழேயிருந்து பார்த்தேன். மேலே ஓர் ஆள் இருந்திருந்தால் காலால் மிதித்தே அணைத்திருப்பான். நான் கொப்பை ஒடித்துக்கொண்டு ஏறி வருவதற்குள் சோலையின் ஓரம் பிடித்துவிட்டது. எவ்வளவு நேரம் அடித்தேன் என்று தெரியாது. கொப்பு கருகிக் கையில் குச்சிதான் மிச்சம் இருந்தது. அப்புறம் நான் செய்ததை எழுதத்தான் மூன்று மாதமாகக் கை வரவில்லை. நான் ஓடிவந்துவிட்டேன்.

ஓடை வழியில் இறங்கும்போது சடையன் எதிரே வந்தான். சோளக்காட்டிலிருந்து புகையைப் பார்த்துவிட்டு, உன் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, குறுக்குப் பாதையில் ஓடி வந்திருக்கிறான். அந்த இஸ்திரிச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. என் முகத்தில் கரி. அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை, திட்டவில்லை. "மாமா, மேல யாரு நிக்கறாங்க?" என்று மட்டும் கேட்டான். நான் பாதையோரம் ஒதுங்கினேன். அவன் என்னைத் தாண்டி மேலே ஓடினான். நான் ஓடையில் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

வனக்காரர்களும் ஊர்க்காரர்களும் போய்ச் சேர்ந்தபோது மேல் ஓரத்தில் அவன் ஒருத்தன்தான் நின்று அடித்துக்கொண்டிருந்தானாம். இரண்டு முழங்கையும் வெந்து போயிருந்தது. இடுப்பில் பீடிக்கட்டும் தீப்பெட்டியும். நெருப்பு தொடங்கிய இடம் என் காட்டுக்கும் அவன் காட்டுக்கும் நடுவரப்பு. எந்தக் காட்டில் வைத்தது என்று கேட்டிருக்கிறார்கள். "என்ற காடுதானுங்க" என்று தன் காட்டைக் காட்டியிருக்கிறான். வனக்காரர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் வாயால் சொன்னதை எழுதிக்கொண்டு அவன்மேல் வழக்குப் போட்டார்கள்.

அடுத்த மடலில் முதல் பக்கத்திலேயே போட்டாய். 'தீ வைத்த விவசாயி பிடிபட்டார்' என்று தலைப்பு, கீழே சடையனின் பெயர், ஊர். 'அவர் இந்த மடலின் ஆசிரியருக்குத் தாய்மாமன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்' என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரிக்காக உன்னை எல்லோரும் மெச்சினார்கள். சொந்தக்காரன் என்றும் பார்க்காத பிள்ளை என்று டீக்கடையில் என்னிடமே வந்து சொன்னார்கள், நானும் தலையை ஆட்டினேன். எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. த்தூ, என்ன ஜென்மம் நான்! ஆனால் ஒன்று கேட்கிறேன். உன்னை மடியில் வைத்துக் காது குத்தினவன் அவன். பெயரைப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை அவன் வீட்டுக்குப் போய், 'மாமா, நீங்களா வெச்சீங்க?' என்று கேட்டாயா? யாரோ ஓர் ஊரான் என்றால் கேட்டிருப்பாய். சொந்தக்காரன் என்பதால் கேட்கப் பயந்தாய், கேட்டால் பரிவு காட்டியதாகிவிடும் என்று. நேர்மையாக இருக்கிறோம் என்று ஊர் பார்க்க வேண்டும் என்கிற ஆசையும் ஒரு வீம்புதான் சாமி. அது என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்கிறது. என் தப்பு முன்னால், உன் தப்பு பின்னால், இரண்டுக்கும் நடுவில் அவன் அகப்பட்டுக்கொண்டான்.

உன் அம்மா அவனைப் படுத்தினது உனக்குத் தெரியாது. மடலை யாரோ அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். வெந்த கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவன் நம் வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "உன்னால எம்பையன் நாலு பேர் முன்னால தல குனிஞ்சு நிக்கறான். இனி இந்த ஊட்டுப் படி ஏறாத" என்றாள். நான் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவன் அவளுக்குப் பின்னால் என்னைப் பார்த்தான். "செரிக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். அப்போதாவது நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை.

சித்திரையில் மழை இறங்கியது. மேல்காட்டின் சாம்பலையெல்லாம் அடித்துக்கொண்டு ஊற்றுத் தண்ணீர் கறுப்பாக வந்தது. நம் குழாயிலும் அதுதான். உன் அம்மா துணி கட்டி வடிகட்டிக் குடித்தாள், எனக்கும் கொடுத்தாள். வாயில் கரி ருசி. ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் மேலே போய்ப் பார்த்தேன். நடக்கிற இடமெல்லாம் காலுக்கடியில் நொறுங்கியது. குனிந்து பார்த்தால் நத்தை ஓடுகள், வெள்ளை வெள்ளையாக, தரை முழுக்க. மான் ஓடியிருக்கும், கரடி ஓடியிருக்கும், பறவை பறந்திருக்கும். நத்தை எங்கே ஓடும்? அங்கேயே உட்கார்ந்து அழுதேன் கண்ணு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நீ சந்தையில் சொன்னது அன்றைக்குப் பொய்தான். அதை மெய்யாக்கியவன் நான்.

அந்த மழைக்குப் பிறகு ஊரில் மிச்சமிருந்தவர்கள் வரப்போரச் சருகை எரித்தார்கள். யாரும் சடையனை மேலே நிற்கக் கூப்பிடவில்லை. நேற்று மீசை முளைத்த பையன் ஒருத்தனை நிறுத்தினார்கள். அவன் காற்றைப் பார்க்காமலே கையைத் தூக்கினான். சடையன் தன் காட்டு வரப்பில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கு வந்தபோதுகூட அவன் முகம் அப்படிச் சுருங்கிப் போய் நான் பார்த்ததில்லை.

ஜாமீனில் வந்தவன் என்பதால் வாரா வாரம் அவன் மலைக்குக் கீழே வன அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போன மாதம் ஒரு நாள் நானும் அதே பஸ்ஸில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் இரண்டு வளைவு இறங்கியது. பிறகு நான், "மாப்ள, நான் போய்ச் சொல்லிப்போடறேன்" என்றேன்.

"என்னத்தச் சொல்றீங்க? விடுங்க மாமா."

"ஏன்டா இப்படிப் பண்ணுன? உன்னை யார் கேட்டா?"

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி பேசினான். "பையன் அங்கங்க மைக் புடிச்சுக் காட்டைக் காப்பாத்துங்கன்னு பேசறான். அவங்கப்பனே வெச்சான்னு தெரிஞ்சா ஒருத்தன் மதிப்பானுங்களா? எம்பேரு போனா என்ற ஊட்டோட போச்சு." கொஞ்சம் கழித்து, "அவன் எம்பேரைப் போட்டதுல எனக்கு வருத்தம் இல்லீங்க மாமா. ஒரு எட்டு வந்து கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் நாந்தான்னுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்" என்றான். அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி வரும்வரை நான் தலையைத் தூக்கவில்லை. இறங்கும்போது அவன்தான் என் பையை எடுத்துக் கொடுத்தான்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவனே விடச் சொல்லிவிட்டான் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஊர்க்காரர்களை நினைத்தும் பயம் இருந்தது. நான் ஒப்புக்கொண்டால், பார்த்தீர்களா, மலைக்காரர்களே இப்படித்தான் என்று எல்லோர் காட்டையும் சேர்த்துப் பூங்காவுக்கு எல்லைக் கோடு போட்டுவிடுவார்களோ என்று. இப்போதும் அந்தப் பயம் போகவில்லை. பூங்கா விஷயத்தில் நான் இன்னும் உன் பக்கம் வந்துவிடவில்லை, அதையும் தெரிந்துகொள். சோலைக்குக் காவல் வேண்டும் என்பதை நத்தை ஓட்டை மிதித்த பிறகு நான் மறுக்க மாட்டேன். ஆனால் கோடு போட வருகிறவர்கள் எங்கள் கொத்துக்காட்டின் மேல் ஓரத்தில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுப் போடட்டும். அதை நீ அவர்களுக்குச் சொல்ல வேண்டும். என் ஒருத்தன் தப்பை ஊர்த் தப்பாக எழுதிவிடாதே.

முந்தாநாள் அந்த மடலைப் பார்த்த பிறகுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. நான் எரித்த இடத்தில் நானே கன்று நட்டு, எனக்குச் சால்வை போர்த்தி, நீ போட்டோ எடுத்துப் போடுவாய். சடையன் அதைப் படிப்பான். படித்துவிட்டு அதற்கும் 'விடுங்க மாமா' என்பான். வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா குச்சிக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள், காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அவள் வெட்டுவதை நிறுத்தினாள். "எந்தம்பிய நானே படியேறாதன்னு சொல்லிட்டேனேங்க" என்றாள். எழுந்தவள் கையிலிருந்த கத்தியைக்கூடக் கீழே வைக்காமல், செருப்பில்லாமல், நேராக அவன் வீட்டுக்கு நடந்தாள். பொழுது சாய்ந்துதான் திரும்பி வந்தாள். "சிரிக்கறானுங்க. 'போக்கா, இதுக்குப் போயி அழுதுட்டு'ன்னு சிரிக்கறான். அவன் என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தேவலங்க" என்றாள். அதற்குப் பிறகு இந்த நிமிசம் வரை அவள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள்.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் கீழே இறங்கி, வன அலுவலகத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கே இருந்தவர் இரண்டு தடவை படித்தார். "ஏங்க, யோசிச்சுத்தான் எழுதினீங்களா?" என்றார். "யோசிச்சதாலதாங்க மூணு மாசமாச்சு" என்றேன். திங்கட்கிழமை சடையனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். என்ன தண்டனை என்று தெரியாது, வருவது வரட்டும். உன்னிடம் முன்கூட்டிக் கேட்காமல் போனதற்குக் கோபப்படாதே. கேட்டால் நீ என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியாது, அதனால்தான் கேட்கவில்லை. உன்னை நாலு பேர் கேலி பேசுவார்கள். குழுவில் உன்னை விலகச் சொன்னாலும் சொல்லலாம். என்னால் உனக்கு இது வருகிறது, இதற்கு நான் என்ன சமாதானம் சொன்னாலும் போதாது. ஆனால் உன் நல்ல பெயருக்கு இத்தனை நாள் முட்டுக்கொடுத்தது இன்னொருத்தன் வெந்த கை, அது தெரிந்த பிறகும் அந்தப் பெயரோடு நீ நிம்மதியாக இருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். நீ என் மகன் மட்டும் இல்லை, அவனுக்கும் மருமகன்.

நான் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தது வழக்கைத் தீர்க்கும், ஊர் வாயைத் தீர்க்காது. சடையன்தான் தீ வைத்தான் என்று இந்த மலைக்குச் சொன்னது உன் மடல். இல்லை என்று சொல்ல வேண்டியதும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கொடுக்கப் போகிற மடலில் இந்தக் கடிதத்தைப் போடு. கடைசிப் பக்கத்து மூலையில் இல்லை, அவன் பெயரைப் போட்ட அதே முதல் பக்கத்தில். எனக்கு அவமானம் என்று எதையும் வெட்டாதே, உன்னைப் பற்றிச் சொன்ன இடங்களையும் வெட்டாதே. கன்று நட நான் வர மாட்டேன், சால்வையை வேறு யாருக்காவது வைத்துக்கொள். குழி வெட்ட ஆள் வேண்டுமென்றால் மண்வெட்டியோடு வருகிறேன். வருகிற வழியில் நீ முதலில் மாமன் வீட்டுக்குப் போ. அவன் சிரிப்பான், நீயும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிடாதே, அவன் கையைப் பிடித்துப் பார்.

இதைத் தப்பில்லாமல் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். கீழே என் பெயரை மட்டும் எழுதவில்லை. மறைக்க இல்லை கண்ணு, அதை நீ எழுத வேண்டும். உன் பெயருக்கு முன்னால் என்னை ஒற்றை எழுத்தாக வைத்துப் புள்ளி குத்தியிருக்கிறாயே, இந்த ஒரு தடவை அதை முழுசாக எழுது.